ரெண்டுபொட்டியும் நடுவில் வந்த குரலும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் எந்த வீட்டிலாவது, தொலைக்காட்சியில் ஓடும் படத்தின் வசனம் ஒரு சொல் விடாமல் கேட்குமானால், அந்த வீட்டில் ரெண்டுபொட்டி ஒருமுறையாவது தேநீர் குடித்திருக்கிறார் என்று பொருள். வசனம் கேட்காமல் வெடிச்சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிருமானால், அந்த வீட்டார் அவரை உள்ளே விடவில்லை என்று பொருள். மூன்றாவது வகை வீடு இந்த வட்டாரத்தில் கிடையாது.

ரெண்டுபொட்டி என்பது அவருடைய பெயரன்று. தேவாலயப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஆலையின் வருகைப் பதிவேட்டில் அதே பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. இரண்டையும் நான் அறிவேன். எழுதினால் வாசகர்களுக்கு மட்டுமல்ல, அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கே யாரென்று விளங்காது.

எங்களுடையது இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. நான் அதன் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். அவர் கூரைக்கு அடியில் ஓடும் கிரேனின் சிறு கூண்டில் இருபத்தொன்பது ஆண்டுகள் அமர்ந்திருந்து, எனக்கு முந்தைய ஆண்டில் தரைக்கு இறங்கியவர். அந்த ஆலைக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசினால் கேட்காது. கீழே நிற்பவர் கையால் காட்டுவார். மேலே இருப்பவர் தூக்குவார், இறக்குவார், நிறுத்துவார். கட்டைவிரல், உள்ளங்கை, மடக்கிய முஷ்டி, இவைதான் மொழி. பணி முடிந்து வெளியே வந்தபின் ஆலைத் தொழிலாளர்கள் தேநீர்க்கடையில் "ரெண்டு டீ" என்று சொல்வது அடுத்த ரயில் நிலையத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அத்தகைய இடத்திலிருந்து ஒலியின் நுட்பம் அறிந்த ஒருவர் தோன்றியதை நான் முதலில் நம்பவில்லை.

அவருடைய கொள்கை எளியது. வீட்டில் படம் பார்க்க இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் போதும். மூன்றாவது பெட்டி வீண், நான்காவது ஆணவம், ஐந்தும் ஆறும் பாவம்.

"ரெண்டு காது குடுத்துகீறான் ஆண்டவன். முதுகுல ஒண்ணு, முட்டியில ஒண்ணுன்னு குடுத்தானா ஸார்? ஆறு பொட்டி வெக்கறவன் ஆண்டவனுக்கே யோசனை சொல்றான்."

இந்தக் கொள்கையைப் பரப்ப அவர் அழைப்புக்குக் காத்திருந்ததில்லை. எங்கள் ஆலையின் உணவக ஒப்பந்ததாரர் புதுவீடு கட்டி, கூடத்தைச் சுற்றி ஆறு பெட்டிகளைப் பொருத்தி, நண்பர்களை அழைத்துப் படம் போட்டுக் காட்டினார். மழைக்காட்சி வந்தது. மழை எங்கள் முதுகுக்குப் பின்னால் பெய்தது. ஒப்பந்ததாரர் பெருமையோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். ஹெலிகாப்டர் வந்தது. மறுபடியும் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரோடு திரும்பினோம். ரெண்டுபொட்டி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"படம் முன்னால ஓடுது. நீ பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு கீற. இன்னாத்துக்கு நைனா உனக்கு இத்தினி பெரிய டிவி?"

"எஃபெக்ட் ரெண்டுபொட்டி, எஃபெக்ட்!"

"ஹீரோயின் இப்ப இன்னா சொல்லிச்சு? சொல்லு பாக்கலாம்."

ஒப்பந்ததாரருக்குத் தெரியவில்லை. எங்களில் எவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் ஏதோ முக்கியமானதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த காட்சியில் கதாநாயகன் வீட்டை விட்டுப் போய்விட்டான். மறுவாரமே நான்கு பெட்டிகள் பரணுக்குப் போயின.

அவருடைய தேவாலயத்தில் எட்டுக் குழாய் ஒலிபெருக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதன் பேச்சை விழுங்கிக்கொண்டிருந்ததால், போதகர் பேசுவது ஒரு கம்பீரமான முழக்கமாக மட்டுமே சபையாரை எட்டியது. ரெண்டுபொட்டி ஒரு சனிக்கிழமை ஏணி வைத்து ஏறி ஆறு குழாய்களைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை, பல ஆண்டுகளில் முதன்முறையாக, பிரசங்கம் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அடுத்த ஞாயிறுக்குள் சபைக் குழு கூடி ஆறையும் திரும்ப மாட்டிவிட்டது.

இத்தகைய கதைகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நான் அவரை என் வீட்டுக்கு அழைக்க நேர்ந்தது மரகதத்துக்காக.

மரகதம் என் மனைவி. ஊத்துக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். திரைப்படம் பார்க்கப் போவது என்பது அவளைப் பொறுத்தவரை வசனம் கேட்கப் போவது. பாட்டு வரும்போது கைப்பையில் எதையாவது தேடுவாள். சண்டை வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசத் தொடங்கினால் நிமிர்ந்து உட்காருவாள். வீடு திரும்பும் வழியில் முழு வசனத்தையும் திருப்பிச் சொல்வாள். எந்த இடத்தில் எழுதியவர் சோம்பினார் என்பதையும் சொல்வாள்.

அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்தபின் வாரத்துக்கு மூன்று நாள் சென்னைக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. மிச்சமுள்ள நாட்களில் திரையரங்குக்குப் போகும் தெம்பு அவளுக்கு இல்லை. அதனால் பெரிய தொலைக்காட்சியும், ஓர் ஆம்பிளிஃபயரும், இரண்டு நல்ல பெட்டிகளும் வாங்கினேன். வாங்கிய அன்று மாலை ஒரு படம் போட்டேன். கதவு அடைபடும் ஓசை பீரங்கி போல் கேட்டது. தாயும் மகனும் பேசியது எதுவும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன். பின்னணி இசை எங்களைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. குறைத்தேன். எல்லோரும் உதட்டை அசைத்தார்கள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் மரகதம்.

எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் முறை அவள் அப்படிக் கேட்டபோது அந்தக் குரலில் இருந்த களைப்பு நோயின் களைப்பு அன்று. மருத்துவர்கள் எங்களிடம் காலக்கெடு எதுவும் சொல்லவில்லை. அது நீண்டதல்ல என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருந்தோம். இருக்கும் மாலைப்பொழுதுகளில் அவள் கேட்க விரும்பியது பிறர் பேசுவதை. அதைக்கூட என்னால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. மறுநாள் காலையில் ரெண்டுபொட்டிக்குத் தொலைபேசினேன்.

அவர் வந்ததும் பெட்டிகளைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"ஸார், உங்க ஊடே பேசுது. அப்பால படத்துல பேசறவன் பேச்சு எப்டிக் கேக்கும்?"

மொழுமொழுவென்ற தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிப்பதை அவர் அவ்வாறு சொன்னார். மரகதம் ஜமுக்காளத்தை எடுத்துக் கொடுத்தாள். அது பெட்டிகளுக்கும் நாற்காலிக்கும் இடையே விரிக்கப்பட்டது. ஜன்னல்களுக்குத் தடித்த திரை வந்தது. பிறகு பெட்டிகள் இரண்டையும் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தார்.

"நடைவழியில் இடிக்குமே" என்றேன்.

"செவுத்துல சாஞ்சிக்கினு பேசறவன் பேச்சு வெளங்குமா ஸார்? முன்னால வந்து நின்னு பேசச் சொல்லுங்க."

பெட்டிகளின் உயரம் அவருக்குப் பிடிக்கவில்லை. உலையிலிருந்து கழித்துப்போட்ட செங்கற்களை இருசக்கர வண்டியில் வைத்துக் கொண்டுவந்து அடுக்கி, பெட்டியின் மேல்வட்டம் மரகதத்தின் காதுக்கு நேராக வரும்படி செய்தார். அதன்பின் சட்டைப் பையிலிருந்து கொத்தனார் நூலை எடுத்தார். ஒரு முனையை நாற்காலியில் கட்டி, இடப்பெட்டிவரை ஒரு நீளம், வலப்பெட்டிவரை அதே நீளம், இரு பெட்டிகளுக்கும் இடையிலும் அதே நீளம் என்று முக்கோணம் பிடித்தார். தரக்கட்டுப்பாட்டில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்த நூலைச் சகிக்க முடியவில்லை. எஃகு அளவுகோலை எடுத்து வந்து, இடப்பக்கம் நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பதைச் சுட்டிக்காட்டினேன்.

"நாலு மில்லியா? கம்பி முறுக்கிக்கிச்சுன்னா திருப்பி அனுப்புவீங்க. இது காத்து ஸார். காத்த எங்க திருப்பி அனுப்புவீங்க?"

மரகதம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை.

கடைசியாகத் தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் புகுந்தார். ஆறு பெட்டிக்கென்று அனுப்பப்பட்ட ஒலி எங்கள் இரண்டு பெட்டிகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் பேச்சு முழுவதும் எங்களிடம் இல்லாத நடுப்பெட்டிக்கு உரியது. அவர் அதை விளக்கிய முறையை எந்தப் பொறியியல் நூலிலும் நான் கண்டதில்லை.

"ஊத்துக்கோட்ட ஷேர் ஆட்டோ கணக்கா வெச்சிக்கங்க. ஆறு பேரு ஏறினாங்க. போலீஸ் நிக்கிறாருன்னு டிரைவரு நடுவுல குந்தினவன எறக்கி வுட்டுட்டான். ஆட்டோ வந்து சேந்துச்சு. ஆனா பேசறவன் அங்கியே நிக்கிறான் ஸார், பாவம், பஸ் ஸ்டாண்டுலயே."

வெளியீட்டை இரண்டு பெட்டிக்கென்று மாற்றினார். நடுவில் இறக்கிவிடப்பட்டவர் இரு பக்கமும் பங்கு பிரிந்து வந்து சேர்ந்தார். கிளம்புமுன் ஆம்பிளிஃபயரில் 'மோனோ' என்று எழுதிய பொத்தானின்மீது ஒட்டுத்தாள் ஒட்டினார். இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒலியை அனுப்பும் பொத்தான் அது. அவர் கைபட்ட எல்லா வீடுகளிலும் அதற்கு அந்தக் கதிதான். "இத யாராவது தொட்டீங்க, நா மறுபடி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார்.

இனி ஒரு சடங்கு பாக்கி இருந்தது. அதற்காகவே அவரை வேடிக்கை மனிதர் என்று ஊர் பேசியது. வீட்டுக்காரர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார வேண்டும். படம் ஓடும். பேசுகிறவர் எங்கே இருக்கிறார் என்று விரலால் காட்ட வேண்டும்.

மரகதம் கண்ணை மூடினாள். முதலில் இடப்பக்கம் காட்டினாள். அவர் இடப்பெட்டியை நகத்தளவு திருப்பினார். மறுபடி காட்டினாள். மறுபடி திருப்பினார். மூன்றாம் முறை அவள் விரல் நேர் நடுவில், திரையில் நின்று பேசும் கிழவரின் முகத்தில் போய் நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"அங்க பெட்டியே இல்லையே!"

"இல்லம்மா. அங்க ஒண்ணியும் இல்ல. ஆனா ஆளு அங்கதான் நின்னுக்கினு பேசறாரு."

அப்போது அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அன்று நான் தற்பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் அவர் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து 'செக்கிங்' என்ற பெயரில் வரத் தொடங்கினார். நாஷ்டா சாப்பிடுவார். செங்கற்களைத் தட்டிப் பார்ப்பார். எங்கள் வீடு ரயில் பாதைக்கு அருகில் இருந்ததால் ஆந்திரப் பக்கம் போகும் சரக்கு வண்டிகளின் நேரத்தை அவர் மனப்பாடம் செய்திருந்தார். "நிறுத்துங்க, கூட்ஸு வருது" என்பார். படம் நிற்கும். நாங்கள் மூவரும் ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் கடந்து போகும்வரை மௌனமாக அமர்ந்திருப்போம். கடைசிப் பெட்டி போனதும், "ஆங், அந்தம்மா இன்னா சொல்ல வந்தாங்க, கேப்போம்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'செக்கிங்' நடந்துகொண்டிருந்தபோது மரகதம் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைக் காட்டினாள். எனக்கு வியப்பாக இருந்தது. குரல் நடுவில்தான் ஒலித்தது. அவர் உடனே பெட்டியை நகர்த்தினார். இப்போது குரல் உண்மையாகவே விலகிப்போயிற்று. அவள் வேறு இடத்தைக் காட்டினாள். மறுபடி நகர்த்தினார். கடைசியில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தபின், "இப்ப நடுவுல" என்றாள். அவர் திருப்தியோடு விடைபெற்றார்.

"ஏன் அவரை அலைக்கழித்தாய்?" என்று கேட்டேன்.

"அவருக்கு இடது காது கேக்காதுங்க. சுத்தமா கேக்காது."

"எப்படிச் சொல்கிறாய்?"

"முப்பத்திரண்டு வருஷம் வகுப்புல நின்னிருக்கேன். எந்தப் பிள்ளைக்குக் காது கேக்கலைன்னு முதல் வாரத்துலயே தெரிஞ்சிடும். எப்பவும் வலது பக்கத்தை நம்ம பக்கம் திருப்பித்தான் உக்காருவார். இடது பக்கத்துல இருந்து 'சட்னி போடட்டுமா'ன்னு மூணு தடவை கேட்டேன், இட்லியையே பார்த்துக்கிட்டிருந்தார். ஒரு சந்தேகம் இருந்தது. இன்னைக்குத் தீர்ந்தது."

நான் கொதித்துப்போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் பெட்டி இல்லாத இடத்தில் குரல் தோன்றுவதை அறிய இரண்டு காதுகளும் வேண்டும். ஒற்றைக் காது உள்ளவருக்கு அது தோன்றவே தோன்றாது. தன்னால் கேட்க முடியாத ஒன்றை இந்த மனிதர் ஊரெல்லாம் அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்! பழுதான கருவியைக் கொண்டு சோதித்த கம்பியை என் ஆய்வகம் ஒருநாளும் வெளியே விட்டதில்லை. இதையெல்லாம் மரகதத்திடம் சற்று உரக்கவே சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதனாலதான் அவர் நம்மளக் கேக்கறார். 'உங்களுக்கு எங்க கேக்குது'ன்னு கேட்டுக் கேட்டுத் திருப்பி வைக்கிறார். நீங்க பெட்டி வாங்கின அன்னைக்கு என்னை எதையாவது கேட்டீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. விலைப்பட்டியலையும் தொழில்நுட்ப விவரங்களையும் படித்திருந்தேன்.

"அவர்கிட்ட இதைப் பத்திப் பேசக்கூடாது" என்றாள். பேசவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், ஆட்சேபிப்பதற்கு அவர் இல்லை. சென்ற ஐப்பசியில், சூலூர்ப்பேட்டையில் தம் மகள் வீட்டில் இருந்தபோது அவரும் போய்விட்டார்.

மரகதம் நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். பிறகு உட்கார முடியவில்லை. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். சுத்திகரிப்புக்கான ஊசி ஏறும் வலக்கையின்மீது பாரம் விழக்கூடாது என்பதால் அவள் எப்போதும் இடப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்க வேண்டியிருந்தது. முகம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தது. படம் தெரிந்தது. முதல் நாளே அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"பேச்செல்லாம் எங்கயோ போயிடுச்சு."

நூலைப் பிடித்தேன். அளவுகோலையும் வைத்தேன். பெட்டிகளைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பினேன். ஒலியைக் கூட்டியதும் அவள் உடல் திடுக்கிட்டது. குறைத்ததும் நெற்றி சுருங்கியது. மூன்று நாள் முயன்றேன். நான்காம் நாள், இருவர் எதிரெதிரே நின்று பேசும் ஒரு காட்சியின் நடுவில், "வேண்டாம், நிறுத்திடுங்க" என்றாள். எங்கள் மணவாழ்வில் எந்தப் படத்தையும் அவள் பாதியில் நிறுத்தச் சொன்னதில்லை.

இதைத் தொலைபேசியில் சொன்னதும் ரெண்டுபொட்டி அன்று மாலையே வந்தார். பெட்டிகளைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையணையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, எழுபதை நெருங்கும் அந்த மனிதர், கட்டிலுக்குக் கீழே ஜமுக்காளத்தில் அவளைப் போலவே இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார்.

"இன்னா ஸார் பாத்துக்கினு நிக்கிறீங்க? படத்தப் போடுங்க."

போட்டேன். சற்று நேரம் கேட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பழைய போர்வையில் சுற்றிய ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மேல்தகடு பெயர்ந்த, கனத்த, மரப்பெட்டி.

"இன்னொன்று?" என்றேன்.

"இன்னொண்ணு இல்ல ஸார்."

என் இரண்டு பெட்டிகளின் கம்பிகளையும் கழற்றினார். அவற்றைச் சுவரோரம் தள்ளினார். ஆம்பிளிஃபயரின் அருகே குனிந்து, தாமே ஒட்டிய ஒட்டுத்தாளைத் தாமே நகத்தால் கீறி எடுத்து, மோனோ பொத்தானை அழுத்தினார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போதகர் தம் அங்கியைக் கழற்றி மடித்து வைப்பதைப் பார்ப்பது போல் இருந்தது. அந்த ஒற்றைப் பெட்டியை ஒரு முக்காலியில், மரகதத்தின் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில், மேலே திரும்பியிருந்த வலது காதை நோக்கிச் சாய்த்து வைத்தார். ஒலியை மிகக் குறைவாக வைத்தார்; இரண்டடி தள்ளி நின்ற எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மரகதம் கேட்டாள். நெற்றி மெல்ல விரிந்தது.

"என் காதுலயே வந்து சொல்றாங்க" என்றாள்.

"தலகாணில ஒரு காது பூடுச்சின்னா மிச்சம் ஒண்ணுதான்மா. ரெண்டு பொட்டி வெச்சா ரெண்டும் வந்து அந்த ஒரே காதுல முட்டிக்கும். பேச்சு கொழம்பிடும். ஒரு காதுக்கு ஒரு பொட்டிதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கம்பியைச் சுருட்டுவதில் முனைந்தார். பதில் சொன்னது மரகதம்.

"அவருக்குத் தெரியும்ங்க."

சுருட்டிய கை நின்றது. "உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லவே இல்லியேம்மா!"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார்கள், இருவரும். ஆலையில் ஆண்டுதோறும் நடந்த காதுப் பரிசோதனையை அவர் நடித்துக் காட்டினார். தோற்றால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்களாம். "பட்டன் அமுக்கசொல்லோ அந்தாளு தோளு லைட்டா அசையும்மா. தோளப் பாத்துக் கையத் தூக்கிடுவேன். மேல குந்திக்கினு கீழ இருக்கறவன் கையப் பாக்கறதுதானே நம்ப வேலையே? பதினோரு வருசம் பாஸு. ஒரு வருசம் அந்தாளுக்குத் தோள்ல வலி. சும்மா சும்மா அசைக்கிறான். அந்த வருசம் எனக்குத்தான் ஆலையிலயே நல்ல காதுன்னு எழுதிட்டாங்க."

மரகதம் சிரித்து மூச்சு வாங்கினாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"அப்புறம் ஏன் எல்லார் வீட்லயும் போய் ரெண்டு ரெண்டுன்னு சண்டை போட்டீங்க?" என்று கேட்டாள்.

அவர் கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். "காது போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா கேட்டுகீறேன்மா. ஒரு இன்ஜினீயர் ஊட்ல. நடுவுல ஒண்ணியும் இல்ல, அங்கருந்து ஒரு பொம்பள பேசிச்சு. இன்னும் மறக்கல. நீங்க கண்ண மூடிக்கினு கை காட்டசொல்லோ, எனக்கும் கேட்ட மாதிரியே இருக்கும்."

அந்த ஒற்றைப் பெட்டியில் அவள் ஏழு வாரங்கள் படம் பார்த்தாள். ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல், ஒரு நகைச்சுவைப் படத்தில் இடைவேளைக்குச் சற்றுப் பின்னர், தூங்கிவிட்டாள் என்று எண்ணி ஒலியைக் குறைத்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன். அதே போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். "இன்னா ஸார், கொழந்தையா அது, எறக்கிக் கீழ வையுங்க" என்றார் ஓட்டுநர். வைக்கவில்லை.

அத்தனை ஆண்டுகளில் அவருடைய வீட்டுக்கு நான் போனதில்லை. ஊரில் யாரும் போனதாகத் தெரியவில்லை. ஒற்றை அறை. சுவரில் சிறிய தொலைக்காட்சி. எதிரே ஒரு பாய். பாயின் வலப்பக்கத்தில் ஒரு மரப்பலகை. அதன்மேல், சுற்றிலும் தூசி படிந்து, ஒரு பெட்டியின் அளவுக்கு மட்டும் சுத்தமான சதுரம் இருந்தது. அவரிடம் இருந்ததே அந்த ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

"இவ்வளவு நாளும் எப்படிப் பார்த்தீர்கள்?"

"சும்மா பாத்துக்கினு இருந்தேன் ஸார். ஒதட்டப் பாத்தா புரியுது. ஆலைப் பழக்கம்தானே."

பெட்டியை வாங்கிச் சதுரத்தில் வைத்தார். கம்பியை மாட்டினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அம்மா பாத்துக்கினு இருந்த படம் முடிஞ்சிதா ஸார்?"

"இல்லை" என்றேன். படத்தின் பெயரையும், நின்ற இடத்தையும் சொன்னேன்.

"மீதியப் பாத்துடலாம். அவுங்க ஒரு படத்தையும் பாதில வுட்டதில்லன்னு நீங்கதானே சொல்லிகீறீங்க."

தேடி எடுத்து, நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டார். அவரோடு பேச வேண்டுமானால் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று பழகியிருந்த நான், பெட்டிக்கும் அவருக்கும் இடையில் அமரப் போனேன். அவர் பாயின் மறுபக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"இந்தாண்ட குந்துங்க ஸார். இந்தப் பக்கம் எனக்கு எதுவும் கேக்காது."

உட்கார்ந்தேன். படத்தில் ஒரு வீட்டில் திருமணப் பேச்சு நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வசனம் நன்றாக எழுதப்பட்டிருந்தது. சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அவர் உரக்கச் சிரித்தார். மீதிப் படம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியது. அந்த ஒரு மணி நேரத்தில், நான் வாய்விட்டு அழுதபோதும், அவர் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.